குரல் கொடுக்காமல் நுழைந்த வீடு

பக்கத்து வீட்டுக்குள் புகுந்து திருடியவன் நான். பட்டப்பகலில், செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் போனேன். எடுத்தது ஒரு கராவோக்கே மைக். கூடவே ஒரு முறுக்கு. அதைவிடப் பெரிய தப்பை அதற்கடுத்த நாட்களில் செய்தேன்: என் திருட்டை இன்னொருவன் தலையில் ஏற்றிவிட்டேன். செய்யும்போது எனக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. சட்டம் தெரியாத ஆளும் இல்லை.

வேலைக்காலம் முழுவதும் சிரம்பான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கூண்டில் நிற்கும் தமிழரின் பக்கத்தில் நின்று, மாஜிஸ்திரேட் சொல்வதை அவருக்குத் தமிழிலும், அவர் சொல்வதை மாஜிஸ்திரேட்டுக்கு மலாயிலும் சொல்ல வேண்டும். வீடு புகுந்து திருடிய வழக்குகள் வராத வாரமே இருக்காது. கூண்டில் நிற்பவர்கள் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்தான். "நான் எதையும் உடைக்கலையே சார், சன்னல் தொறந்துதானே கெடந்துச்சு?" என்பார்கள். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்வேன். வீட்டை உடைப்பது என்றால் சுத்தியலால் உடைப்பது மட்டும் இல்லை. சன்னல் மனிதர் நுழைவதற்கு வைத்த வழி இல்லை, அதனால் அதன் வழியே போனால் உடைத்ததுதான். சுவர் ஏறிப் போனாலும் உடைத்ததுதான். தாழ்ப்பாளைக் கம்பி விட்டு நெம்பினாலும், அடுத்தவர் தொலைத்த சாவியைக் கண்டெடுத்து அதே சாவியால் பூட்டைத் திறந்து போனாலும் உடைத்ததுதான். உடம்பு முழுவதும் உள்ளே போக வேண்டும் என்றும் இல்லை. கை நுழைந்தால் போதும், ஆள் நுழைந்ததாகக் கணக்கு. திருடுவதற்காக இப்படிப் பகலில் நுழைந்தால் பத்து ஆண்டு வரை சிறை, இரவில் நுழைந்தால் பதினான்கு வரை. ஒருமுறை தண்டனை வாங்கியவன் மறுபடியும் செய்தால் பிரம்படியும் சேரலாம். ஐம்பதைத் தாண்டியவனுக்கு அடி கிடையாது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இப்போது எங்கள் வரிசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். லுக்குட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுத் தாமான் என்னும் குடியிருப்பு கட்டியபோது, அங்கே பால் வெட்டியவர்களுக்கு ஒரு வரிசை வீடுகள் ஒதுக்கினார்கள். அம்மாவுக்குக் கிடைத்த வீட்டில்தான் நான் இருக்கிறேன். மனைவி போய்விட்டாள், பிள்ளைகள் கோலாலம்பூரில். வீட்டைக் கொடுத்த அன்று, முன்பக்கத்துக் கம்பிக் கதவுக்கு ஆளுக்கொரு பூட்டும் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. வீடு கட்டிய குத்தகைக்காரர் எங்கே வாங்கினாரோ, எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. முதல் வாரத்திலேயே அது தெரிந்துபோனது. வேறு ஊராக இருந்தால் அன்றைக்கே எல்லாரும் கடைக்கு ஓடியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் "நல்லதாப் போச்சு லா" என்றார்கள்.

உண்மையிலேயே நல்லதாகத்தான் இருந்தது. பாசாரில் மீன் வாங்கிக்கொண்டு நிற்கும்போது அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்தால் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டால் போதும். மழை வந்தால் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்கள் எல்லா வீட்டுச் சன்னலையும் சாத்திவிடுவார்கள். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். திறப்பதற்கு முன் வாசலில் நின்று, வீடு காலியாக இருந்தாலும், "வீட்டுக்காரவுங்களே, வர்றேன்" என்று வரிசைக்கே கேட்கும்படி குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்துவிட்டால் ஐஸ்பெட்டியில் இருக்கும் குழம்பைக்கூட எடுத்துப் போகலாம்.

என் பக்கத்து வீட்டுக்காரர் பழைய லோரி டிரைவர். என்னைவிடச் சற்று இளையவர். என்னைக் கோர்ட்டண்ணே என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். அவர் மகள் தீபாவளிக்கு ஒரு மைக் வாங்கிக் கொடுத்தாள். ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே இருக்கும், கைப்பேசியோடு தானாக இணைந்துகொள்ளும் வகை. அன்று தொடங்கிய பாட்டு. தினமும் நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் நேரத்தில் இவர் ஆரம்பிப்பார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் சுவர். பல்லவியை ஏற்றத்தில் முதல் கியர் போட்டு இழுப்பார், சரணத்தில் பிரேக் பிடிக்காது.

சாயங்காலம் வேலியோரம் வந்து நிற்பார்.

"என்னா கோர்ட்டண்ணே, இன்னிக்கு எப்புடி?"

"நல்லா இருந்துச்சு."

"மேல போச்சே ஒரு எடத்துல, அது?"

"அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

இந்தப் பொய்யை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருந்தால், இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

அன்று அவரும் அவர் மனைவியும் பாரோயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வரிசையில் பாதிப் பேர் அங்கேதான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். பாட்டு இல்லை. அவ்வளவு அமைதியில் தூக்கம் வரவில்லை, ஆனால் ஆசை வந்தது. தினமும் இப்படி இருந்தால் எப்படி இருக்கும்? எழுந்து என் சாவியை எடுத்துக்கொண்டு போய் அவர் கதவு முன் நின்றேன். வாயைத் திறந்தேன். குரல் கொடுக்கவில்லை. பூட்டு சொன்னபடி கேட்டது.

கம்பிக் கதவுக்குள் மூக்கை நீட்டியதுமே, ஆள் நுழைந்தாகிவிட்டது என்று மனசு சொன்னது. முழுசாக உள்ளே போனதும் வந்தது பயம் இல்லை, சிரிப்பு. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் குற்றத்தையே பேசிவிட்டு, கடைசியில் சொந்தமாக ஒன்று! காலே தரையில் பாவவில்லை. சாவியால் திறந்தோம், எனவே உடைத்தாகிவிட்டது. பகல், எனவே பத்து. திருப்பிக் கொடுத்துவிடும் எண்ணத்தோடு எடுத்தால்? அதுவும் திருட்டுதான், கொஞ்ச நாளைக்கு எடுத்தாலும் திருட்டுதான். இப்படி எனக்கு நானே குற்றச்சாட்டை வாசித்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வந்தேன். மைக் டிவிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு போர்த்திக்கொண்டு படுத்திருந்தது. எடுத்துக்கொண்டேன். மேசையில் முறுக்கு டின் இருந்தது. அதை ஏன் திறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மிளகு கொஞ்சம் தூக்கலாக, நன்றாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்து மைக்கை அரிசி டின்னில் புதைத்துவிட்டு, குறட்டை விட்டுத் தூங்கினேன்.

அவர் அழுது அடங்கியதும் கொடுத்துவிடலாம், இல்லாவிட்டால் ஒரு மாதம் கழித்து அவர் வீட்டு நாற்காலிக்கு அடியில் போட்டுவிடலாம் என்றுதான் எண்ணம். ஆனால் அவர் அழவில்லை. நேராக லுக்குட்டுக்குப் போய் போலீஸில் ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். கோப்ரல் ஒருவர் வந்து பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு கீறல்கூட இல்லை. சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். வரிசையே தத்தம் சாவியைத் தூக்கிக் காட்டியது. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

அவர் போனபிறகு எல்லாரும் வாசலில் கூடி நின்றோம். லோரிக்காரர் என்னைப் பார்த்து, "கோர்ட்டண்ணே, புடிச்சா என்னா கொடுப்பாங்க?" என்றார்.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. எல்லாரும் என் வாயைப் பார்க்கிறார்கள். நான் சட்டத்தைப் பிரித்து மேய்ந்தேன். பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு, இரண்டாம் முறை என்றால் பிரம்படி. "ரெண்டாவது தடவ எவன் இங்க இருக்கான்?" என்று யாரோ சிரித்தார்கள். அந்த நேரத்தில் லோரிக்காரரின் மனைவி என்னையே பார்ப்பதுபோல் எனக்குத் தோன்றியது. பயத்தில் வாய் தானாக நகர்ந்தது. "இருக்காங்க. எல்லாத்தையும் சொல்ல முடியாது. நான் பக்கத்துல நின்னு பேசுனவன்" என்று சொல்லிவிட்டு, வரிசையின் கடைசி வீட்டைப் பார்த்தேன். விரலை நீட்டவில்லை. பார்த்ததே போதுமாக இருந்தது.

கடைசி வீட்டில் இருப்பவன் பள்ளி வேன் ஓட்டுகிறான். சின்ன வயதில் கூட்டாளிகளோடு ஒரு வீட்டுக்குள் புகுந்து மாட்டிக்கொண்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போய் வந்தவன். அன்று அவன் சொன்னதை மலாயில் சொன்னது நான். வெளியே வந்து, எங்கள் வரிசையில் வாடகைக்குக் குடியேறி, வேனைச் சொந்தமாக வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வான், அவ்வளவுதான். பழசை நானும் பேசியதில்லை.

மறுநாள் அவனைப் போலீஸ் கூப்பிட்டுப்போய் விசாரித்தது. ஒன்றும் கிடைக்காமல் விட்டுவிட்டது. ஆனால் பிள்ளைகளின் அம்மாக்கள் விடவில்லை. வேனுக்காக வாசலில் நின்ற பிள்ளைகள் அப்பாவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து போக ஆரம்பித்தார்கள். நிரம்பி வழிந்த வேன் காலி டப்பாவாகக் குலுங்கிக்கொண்டு போனது. இப்படியே போனால் மாதத் தவணை கட்டமுடியாமல் வேன் போய்விடும் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். அதைவிட இன்னொன்றும் நடந்தது. ஒவ்வொரு வீடாக லுக்குட்டுக்குப் போய்ப் புதுப் பூட்டு வாங்கி வந்தது. அந்த வாரம் மழை பெய்தபோது யார் வீட்டுச் சன்னலையும் யாரும் சாத்தவில்லை.

அவன் ஒரு நாள் காலை, பள்ளி ஓட்டம் முடிந்து என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தான்.

"சார், அன்னிக்கு கோர்ட்டுல எனக்காகப் பேசுனது நீங்கதான். இப்ப என்னா பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க."

"என்னா ஆச்சு?" என்றேன், ஒன்றும் தெரியாதவன்போல.

"பழைய கேஸு வெளிய வந்துருச்சு சார். இந்த வரிசையில அது தெரிஞ்சவங்க யாருமே இல்ல." என் முகத்தைப் பார்த்து, "உங்களத் தவிர" என்றான். குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சமையல்கட்டில் ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். இணைப்பு கிடைத்துவிட்டது என்றாள். அடுத்த நொடி, அரிசி டின்னுக்குள்ளிருந்து, "மொதல்ல மீன நல்லா கழுவி, மஞ்சத்தூள் போட்டு வச்சுக்கணும்" என்று இன்னொரு குரல். காலையில் அரிசி அள்ளும்போது மைக்கின் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் லோரிக்காரரின் மனைவி கணவரின் கைப்பேசியில் சமையல் வீடியோ பார்க்கிறாள். இந்தப் பக்கம் என் அரிசி மீன் குழம்புக்குப் பக்குவம் சொல்கிறது.

அவன் எழுந்து போனான். நான் தடுக்கவில்லை. மூடியைத் திறந்தான். அரிசிக்குள் நீல விளக்கு மினுக்கியது. "ரெண்டு வெங்காயத்த பொடியா நறுக்கி" என்று அது தொடர்ந்தது. அந்த நிலைமையிலும் எனக்கு வயிற்றுக்குள் சிரிப்பு பொங்கியது. அவனுக்கும் உதடு துடித்ததைப் பார்த்தேன். ஆனால் அவன் சிரிக்கவில்லை. மூடியை மூடினான்.

"நான் இத வெளிய போய்ச் சொன்னா, நாந்தான் உங்க அரிசில கொண்டாந்து வச்சேம்பாங்க. நீங்க சொன்னாத்தான் சார் உண்டு."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

மைக்கை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு அன்றே போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அதே கோப்ரல். மலாய்க்காரப் பையன், என் மகனைவிட இளையவர். என்னைப் பாக்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். "திருடியது நான்தான்" என்றேன். "வெயில் அதிகம், தண்ணீர் குடியுங்கள்" என்றார். மைக்கை எடுத்து மேசையில் வைத்தேன். அதிலிருந்து அரிசி கொட்டியது.

எப்படி நுழைந்தீர்கள் என்று கேட்டார். என் சாவியால் என்றேன். உங்கள் சாவி என்றால் அது எப்படி உடைத்ததாகும் என்று கேட்டார். விடுவேனா? பூட்டு அவருடையது, அது யாரைத் தடுக்கப் போட்டதோ அவனைத் தடுக்கவில்லை என்றால் உடைத்ததுதான் என்று விளக்கினேன். வெறும் அத்துமீறலாக எழுதிவிட்டால் வீட்டுக்காரர் மன்னித்து முடித்துவிடலாமே என்றார். அப்படி எழுதினால் தப்பு, திருடும் எண்ணத்தோடு பூட்டைத் திறந்தவனை வீட்டுக்காரர் மன்னித்தாலும் அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான் தீர்மானிக்க வேண்டும் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். தன்னைப் பெரிய பிரிவில் போடச் சொல்லி வாதாடும் திருடனை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். காரணம் கேட்டார். பாட்டு என்றேன். அவ்வளவு மோசமா என்று கேட்டார். நான் மேசையைப் பார்த்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் எழுந்து வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

பிறகு கோப்ரல் கேட்டார், "அந்த வேன்காரரின் பழைய வழக்கு வரிசைக்கு எப்படித் தெரிந்தது?"

நான்தான் என்றேன். அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் சிரிக்கவில்லை. தண்ணீர்க் கோப்பையை என் பக்கத்திலிருந்து எடுத்து நகர்த்தி வைத்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

எனக்கு அடி கிடையாது, வயது காப்பாற்றிவிடும். அவனுக்கு அந்த வயது இல்லை. இது தெரிந்துதான் அன்று கடைசி வீட்டைப் பார்த்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்த நேரத்தில் வரிசைக்கு நடுவில் நின்று சொன்னேன். நீட்டவில்லை. மைக்கை எடுத்தது நான், வேன்காரனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அவன் பழைய கதையை வெளியில் விட்டதும் நான். முதலில் பேசியது லோரிக்காரரின் மனைவி.

"முறுக்கு?"

"அதுவும் நான்தான்."

"ஒன்னு குறையுதுன்னு அன்னிக்கே சொன்னேன். இந்த மனுசன் எனக்குத்தான் கணக்கு தெரியலன்னு சண்டைக்கு வந்தாரு."

லோரிக்காரர் முகம் சுருங்கிப்போய் நின்றார். "நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே, கோர்ட்டண்ணே?"

"நான் கல்யாணம் கட்டுன நாள்லேருந்து சொல்றேன்" என்றாள் அவள். "கேட்டாரா? நீங்க சொல்லியும் கேக்க மாட்டாரு. எடுத்தது தப்பில்ல அண்ணே, குரல் கொடுக்காம போனீங்க பாருங்க, அதுதான் தப்பு. வாசல்ல நின்னு ஒரு சத்தம் போட்டுட்டுத் தூக்கிட்டுப் போயிருந்தா நானே பையில போட்டுக் கொடுத்திருப்பேன்."

வரிசையே சிரித்தது. வேன்காரன் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். அவன் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. கோப்பு மேலே போய், எச்சரிக்கையோடு முடிந்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வேன்காரனிடம் போய், நான் உனக்கு என்ன செய்யட்டும் என்று கேட்டேன். டயரில் காற்று பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிராமலே சொன்னான். "பிள்ளைங்கள கொண்டாந்து கொடுங்க சார். வேற ஒன்னும் வேணாம்."

தாமானில் வீடு வீடாகப் போனேன். எல்லா வாசலிலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் நின்றேன். சிலர் யோசிக்கிறோம் என்றார்கள். ஒருவர் நாயை அவிழ்த்து விட்டார். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "திருடிட்டுத் தானாப் போய்ச் சொன்ன ஆள நான் பாத்ததில்ல. நீங்க வேன்ல ஏறுங்க, நான் அனுப்புறேன்" என்றாள்.

அப்படித்தான் நான் வேனில் ஏறினேன். முன்சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாசலிலும் இறங்கி, பிள்ளைகளை ஏற்றிக் கதவைச் சாத்துவது வேலை. "ஓட்டுறவன் பழைய கேடி, கதவு சாத்துறவன் புதுக் கேடி" என்று கடைமுனையில் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். திருடன் போலீஸ் விளையாட்டில் திருடன் யார் என்ற சண்டையே இல்லாமல் போனது.

"தாத்தா, முறுக்கு இனிப்பா, காரமா?"

"காரம்."

"ஒன்னுதான் எடுத்தீங்களா? ஏன் ஒன்னு?"

"பயம்."

வேன் குலுங்கச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன் மட்டும் சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னோடு அவன் பேசியது ஒரே சொல், "கதவு". கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் அதைச் சொல்வான். பலமுறை சொன்னான்.

இரட்டைப் பிள்ளைகள் ஏறியதைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளை ஏறியது. பிறகு அடுத்த தெருப் பிள்ளைகள். மழைக்காலம் வந்ததும் மோட்டாரில் போனவர்களும் திரும்பினார்கள். நாய் அவிழ்த்தவர் மட்டும் கடைசிவரை அனுப்பவில்லை. பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள், பைகளை என் மடியில் அடுக்கினார்கள்.

ஒரு நாள் பள்ளி வாசலில் எல்லாரையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது அவன், "நாளையிலேருந்து நீங்க வர வேணாம் சார்" என்றான்.

"ஏன்?"

"புதுசா ஒரு பிள்ள வருது. சீட்டு இல்ல."

சரி என்றேன். வேறு ஏதாவது சொல்வான் என்று வழியெல்லாம் காத்திருந்தேன். சொல்லவில்லை. எங்கள் வரிசை முன் நிறுத்தினான். இறங்கி, கதவை என்னால் முடிந்த பலத்தோடு சாத்தினேன். அவன் இஞ்சினை அணைக்காமலே இறங்கிச் சுற்றி வந்து, கதவைத் திறந்து, இன்னொரு முறை சாத்திவிட்டுப் போனான்.